என் லிம்போசைட்டுகள் செய்த துரோகம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்திரண்டு வயது வரை வரவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. என் சொந்த ரத்தம்!

எழுபதுகளின் கடைசி. விலங்கியல் பட்டமும் பி.எட்.டும் முடித்த கையோடு, மண்ணூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலை. பள்ளி ஆய்வாளர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரம். அவர் வருகிற தேதி தெரிந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"சார் முன்னாடி எதுனா புதுசா செஞ்சு காட்டும்மா. ஆனா தவள கிவள அறுக்காத."

தவளையா! நான் மனித உடம்பையே மேடையேற்றத் தீர்மானித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பத்துப் பேர் வெள்ளைத் தாவணியில் லிம்போசைட்டுகள். அதாவது, ரத்தத்தில் ரோந்து சுற்றும் வெள்ளை அணுக்கள். அந்நியன் யாராவது உள்ளே நுழைந்தால், அவனுக்கென்றே அளவெடுத்து ஆன்டிபாடி என்ற ஆயுதத்தைச் செய்து வீசுவார்கள். (ஆயுதம் என்பது அட்டையில் வெட்டிய ஆங்கில ஒய் எழுத்து. ஆன்டிபாடிக்கு அந்த வடிவம்தான்.) கறுப்புக் கம்பளி போர்த்திய ஏழுமலைதான் கிருமி. இப்படி ஒரு நாடகத்தை உலகத்தில் யாருமே போட்டதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

நாடகத்துக்கு எட்டு நாள் முன்னால், மேடையில் திரை கட்டும்போது துருப்பிடித்த ஆணி ஒன்று என் குதிகாலில் ஏறியது. (மேடையில் செருப்புப் போடக்கூடாதாம். சட்டம் போட்டவள் நான்தான்.) தண்டலத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். முதலில் தோலுக்கடியில் துளி மருந்து ஏற்றி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு முழு ஊசியும் போட்டார்.

"இது குதிரை சீரம். டெட்டனஸுக்கு எதிரான ஆன்டிபாடியக் குதிரை உடம்புல உண்டாக்கி எடுத்தது. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு அரிச்சாலோ தடிச்சாலோ உடனே வாங்க."

அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது 'ஆன்டிபாடி' ஒன்றுதான். எனக்குள்ளேயே ரெடிமேட் ஆன்டிபாடி! நொண்டிக்கொண்டே ஆனந்தமாகத் திரும்பினேன்.

நாடகத்தன்று காலையிலேயே லேசாக அரித்தது. புதுப் புடவையின் கஞ்சி என்று நினைத்தேன். நாடகமோ அமர்க்களம்! பத்து லிம்போசைட்டுகளும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் ஏழுமலை நிஜமாகவே அலறினான். ஆய்வாளர் எழுந்து நின்று கைதட்டினார். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நான் மேடைக்குத் தாவினேன்.

"சார், நானே இதுக்கு உயிருள்ள சாட்சி! குதிரை செஞ்ச ஆன்டிபாடி இப்ப என் ரத்தத்துல ஓடுது!"

லிம்போசைட் வரிசையிலிருந்து கன்னியம்மா கை தூக்கினாள்.

"டீச்சர், குதிரையும் நமக்கு அந்நியந்தான? அத்த மட்டும் நம்ம லிம்போசைட்டு இன்னாத்துக்கு சும்மா உடுது?"

"பலே! நல்ல கேள்வி" என்றார் ஆய்வாளர்.

எனக்குப் பதில் தெரியாது. அதற்காக? கையை உயர்த்தி முழங்கினேன். "அது மருந்துன்னு லிம்போசைட்டுக்குத் தெரியும்! நல்லது எது, கெட்டது எதுன்னு அதுக்குப் புரியும்!"

உயர்த்திய கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"டீச்சர், கை பூரா அடை அடையா தடிச்சிக்கினு கீது!" என்றாள் கன்னியம்மா.

"உதடு வேற வீங்கிக்கினே வருது!" என்றான் கம்பளிக்குள்ளிருந்து ஏழுமலை.

'ஒன்றுமில்லை, வெயில்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பன் மாதிரி ஊதியிருந்த உதட்டிலிருந்து "பெயில்" என்று வந்தது.

"யாரும்மா பெயில்?" என்றார் ஆய்வாளர்.

பதில் சொல்வதற்குள் முழங்கால் மூட்டுகள் இரண்டும் வலியில் மடங்க, பக்கத்தில் கிடைத்த ஏழுமலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் இன்னொரு முறை எழுந்தது. (நாடகத்தின் இரண்டாம் காட்சி என்று நினைத்தார்களாம்.)

ஆய்வாளரின் ஜீப்பிலேயே தண்டலத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, ஆய்வாளர் முன்னாலேயே பாடம் எடுத்தார். "இதுக்கு சீரம் சிக்னஸ்னு பேரு. இந்த எட்டு நாளா இவங்க லிம்போசைட்டுங்க குதிரைப் புரதத்துக்கு எதிரா ஆன்டிபாடி செஞ்சிருக்கு. ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் போய் தோல்லயும் மூட்டுலயும் படியுது. அதான் இந்தக் கூத்து. பயப்படாதீங்க, சரியாயிடும்."

வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி இழக்க என்ன இருக்கிறது? வீங்கிய வாயால், வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னேன். "சார், அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "அத எங்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க? அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஒரு வாரம் கழித்து வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கன்னியம்மா பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். "நான் அப்பவே நெனச்சேன் டீச்சர்." மறுமாதம் வேலை நிரந்தரமானது. ஆய்வறிக்கையில், 'செயல்முறை விளக்கம் மிகவும் தத்ரூபம்' என்று எழுதியிருந்தாராம்.

அன்றிலிருந்து நான் 'குதிரை டீச்சர்'. அந்தப் பிள்ளைகளே இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து வரும் அவர்கள் மகன்களும் பஸ்ஸில் எனக்கு இடம் விட்டு, "குதிரை டீச்சர், உக்காருங்க" என்கிறார்கள். என் கணவர் அவர்களைவிட மோசம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எனக்கு முன்னால் பதில் சொல்ல முந்திக்கொள்வார். (குதிரை சீரம் ஒத்துக்காதவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதனால் அவரைத் திட்டவும் முடியாது.) போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். "எதுக்காச்சும் அலர்ஜி இருக்காம்மா?" என்று கேட்டாள் சின்னப் பெண்ணான நர்ஸ்.

"குதிரை ஒத்துக்காது சிஸ்டர்" என்றார் இவர்.

அவள் சிரிக்கவே இல்லை. கவனமாக எழுதிக்கொண்டு, தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"கறியா சார், பாலா?"