மூன்றாவது மணிக்கு அரோகரா

மெதுவாகச் செய்யவேண்டிய வேலை எதையும் என்னிடம் தரக்கூடாது. இதை நான் இருபது வயதில், சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில், ஒரு முழுக் கிராமத்தையும் சாட்சியாக வைத்து நிரூபித்தேன்.

அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் அம்மாவுக்குப் பதினெட்டு வருடமாக வேலை. அந்த வருடம் தேவாலயக் கோபுரத்தின் மூன்று பழைய மணிகளையும் இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்றினார்கள். மணியைக் கிரேன் தொடக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வீட்டுக்கு ஒருவருமாகக் கயிறு பிடித்து இழுப்பதுதான் வழக்கம். எங்களையும் ஒரு வீடாகக் கணக்கில் எடுத்தது அதுதான் முதல் தடவை. அம்மா அழைப்புக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். முழங்கால் நோவு என்பதால் தனக்குப் பதில் என்னை இறக்கினார்.

“வாயைத் திறக்காமல் இழுத்துப்போட்டு வா. இந்தச் சனத்தின்ர முகத்தில நான் நாளைக்கும் முழிக்கவேணும்.”

மணி வார்த்த மேஸ்திரியின் விதி எளிது: ஒரு விசில் என்றால் இழு, இரண்டு விசில் என்றால் நில். நடுவில் ஏகப்பட்ட கப்பிகள். நாங்கள் பத்தடி நடந்தால் மணி இரண்டடி ஏறும். சின்ன மணிகள் இரண்டும் பல்வைத்தியரிடம் போகிறவன் நடையில் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது, பெரியது. பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். எனக்கோ கை துறுதுறுத்தது. (அப்போது நான் கூர் நகரத்தில் பொறியியல் முதலாம் வருடம். முதலாம் வருடத்தில்தான் ஒருவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.) கோடைக்குக் கோடை கோயில் தேர்வடம் பிடித்தவன், களைத்த சனத்தை இழுக்கவைக்க எனக்குத் தெரியாதா?

முன்னால் நின்ற பிள்ளைகளுக்கு “அரோகரா” சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கயிறு முழுக்க அரோகரா. ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நடை ஓட்டமானது. மணி ஏறிய வேகத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது.

கத்துகிற சனத்துக்கு விசில் கேட்காது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. (தேர் என்றால் சில்லுக்குக் கட்டை போட்டு நிறுத்துவார்கள்.) கோபுர ஜன்னலுக்குக் கீழே நிற்கவேண்டிய மணி, நேரே போய் ஜன்னல் கல்லில் இடித்தது. கல்துண்டு ஒன்று புல்லில் விழுந்தது. அதற்குப் பிறகுதான், “தம்பி, அவர் ஊதுறார்” என்று ஓரத்தில் நின்று கத்திய அம்மாவின் குரல் எனக்குக் கேட்டது.

மணி வெடித்திருந்தால் அதை உருக்கித் திரும்பவும் வார்க்கவேண்டும். அதுவரை கோபுரம் ஊமை. ஊரில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தன் சப்பாத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி படியேறிப் போய், ஜன்னலால் கையை நீட்டி, மரச்சுத்தியலால் மணியைத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபக்கமும் தட்டினார். நாதம் அறுபடாமல் நீண்டு, பள்ளத்தாக்குக்குள் போய்க் கரைந்தது. பழுதில்லை, இழுக்கலாம், ஆனால் சத்தம் போடாமல் என்று மேலேயிருந்து ஜெர்மனில் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தார்; பக்கத்தில் நின்ற ஹோட்டல் முதலாளியம்மா அவரைக் கட்டிப்பிடித்தார்.

ஜன்னல் கல்லில் விழுந்த பள்ளத்தை ஊர்ச்சபை பூசவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா, முழங்கால் நோவையும் மறந்து, கோபுரத்தில் ஏற்றி அதைக் காட்டுவார். எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களையும் ஏற்றினார். பெண்ணின் தகப்பன் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாராம்:

“தம்பிக்குக் காது கேக்குமோ?”

“ஓம், கேக்கும்,” என்றாராம் அம்மா. “கொஞ்சம் பிந்திக் கேக்கும்.”

கல்யாணம் நடந்தது. இன்றும் என் மனைவி இரண்டாந்தரம் கூப்பிடுவதில்லை. பிந்திக் கேட்கட்டும் என்று இருந்துவிடுவாள்.