மூன்று முறை, பிறகு ஒரு முறை

அன்பும் அடக்கமும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நாங்கள் நலம். படகு மோட்டார் நலமில்லை. அங்கு என் மகளும், நாங்கள் இன்னும் முகம் பார்க்காத பேத்தியும் நலம் என்று நம்புகிறேன்.

சாலையில் சுற்றி வந்தால் உங்கள் மாமியாரின் முழங்கால் தாங்காது, கடல் வழியே குறுக்கே வந்து குழந்தையைப் பாருங்கள் என்று இந்த மோட்டாரை அனுப்பினீர்கள். பெருந்தன்மை. எனக்கு வெயில் ஆகாததால் பொழுது சாய்ந்த பிறகு படித்துறைக்குப் போனோம். நான் சாவியைத் திருப்பும் முன்பே எச்சரிக்கை விளக்கு சிவப்பாக மினுக்கியது: மூன்று முறை, சற்று ஓய்வு, பிறகு ஒரு முறை. என் கண்ணை நானே முழுதாக நம்புவதில்லை. உங்கள் மாமியாரையும் எண்ணச் சொன்னேன். அதே கணக்கு. அப்படி மினுக்கினால் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏறவில்லை என்று கையேடு சொன்னது. உங்களை அழைத்தேன். கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்திருக்கும் நீங்கள், "விளக்கு பொய் சொல்லாது மாமா. எஞ்சினைக் கிளப்பிடாதீங்க, பம்ப்பை மாத்துங்க" என்றீர்கள். மாற்றினோம். மினுக்கியது. "அப்ப சென்சார்தான்." மாற்றினோம். மினுக்கியது. "பிளக்கா இருக்கும்." அதையும் மாற்றினோம். மெக்கானிக் காலையில் வருகிறவர். "விளக்கே எரியலையே சார்! நல்லாத்தானே ஓடுது? யார் பேச்சைக் கேட்டு என் உயிரை வாங்குறீங்க?" என்றார். மரியாதை கருதி உங்கள் பெயரைச் சொல்லவில்லை. இதை உங்களிடம் சொன்னால், "சாயங்காலம் மட்டும் வர்ற கோளாறு மாமா, ஈரக்காத்து. அனுபவத்துல சொல்றேன்" என்கிறீர்கள். எந்த அனுபவம் என்று கேட்க வாய் வரை வந்தது. பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே என்று விழுங்கினேன். உங்கள் மாமியார் கட்டிய பையை அவிழ்க்காமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். "உங்க ரெண்டு பேர் மூளையையும் சேர்த்துக் கட்டினா நங்கூரத்துக்காவது ஆகும். குழந்தை நடக்கக் கத்துக்கிட்டு அதுவே நம்மளைப் பார்க்க வந்துரும், இருங்க" என்கிறாள்.

ஆகவே, மிகுந்த தயக்கத்துடன் தெரிவிப்பது: மோட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள், குழந்தையைக் கொண்டு வாருங்கள். கண்ணால் பார்க்காத இயந்திரத்துக்கு நோய் கண்டுபிடிக்கும் திறமையை உங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் நீடூழி வாழவும், குழந்தை புத்தியில் தாயைப் போல வளரவும் ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன், எதற்கும் கடைசியாக ஒரு முறை எண்ணிவிடலாம் என்று பொழுது சாய்ந்ததும் படகுக்கு வந்தேன். உங்கள் மாமியார் என் பின்னால் வந்து நின்றாள், விளக்கு அணைந்தது. விலகினாள், மினுக்கியது. "கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றாள். பார்த்தேன். துறைமுக முனையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் சிவப்பு விளக்கு, மூன்று முறை மினுக்கி, ஓய்ந்து, ஒரு முறை மினுக்கியது. அதுதான் இத்தனை நாளும் நம் மோட்டாரின் விளக்குக் கண்ணாடியில் தெரிந்திருக்கிறது. நம் விளக்கு எரிந்ததே இல்லை. சாவியைத் திருப்பினேன், எஞ்சின் உடனே கிளம்பிவிட்டது. விளக்கு பொய் சொல்லாது என்ற வரையில் நீங்கள் சொன்னது சரி. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்க, நானே மாப்பிள்ளை கையில குடுக்கிறேன்" என்று உங்கள் மாமியார் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் எதிரே, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து உடனே நிமிர்ந்து பார்க்க வேண்டாம்.