காதில்லாத கரடி

அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகப் பேசுகிற வியாதி எனக்கு உண்டு. என் அண்ணரை நான் இழந்தது அந்த வியாதியால்தான். (ஆள் உயிரோடு பக்கத்து ஊரான கிரவீனில் இருக்கிறார், பயப்பட வேண்டாம்.)

தன் மகள் பெரியவளான சாமத்திய வீட்டுச் சடங்குக்கு அவர் நேரில் வந்து சொல்லவில்லை. அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினார். டூங்கபியில் இருக்கும் என் வீட்டுக்கு அவர் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிடம். நான் போகவில்லை. அதோடு நான்கு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகுதான் அவருக்கு இருதய ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் எப்படியாவது ராசியாகிவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. வெறுங்கையோடு போக ரோஷம் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை நார்த்மீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். நடுவே கறுப்புக் கல்லில் விரல் நீள மிருகம் ஒன்று. அமெரிக்காவின் ஸூனி பழங்குடிகள் செதுக்குவது. அவர்களுக்கு ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு சக்தி, கரடி நோய் தீர்க்கும் என்று எப்போதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அந்த அம்மா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். “ஐ நோ, ஐ நோ” என்று கையமர்த்தி, கரடி என்றே வாங்கிக்கொண்டேன். கரடிக்குக் காது எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. (நான் எங்கே கரடியைக் கண்டேன்?)

“என்னடா, வழி தெரிஞ்சு வந்தனியோ?” என்றார் அண்ணர், கதிரையில் இருந்தபடி. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நானோ மிருகத்தை மேசையில் வைத்துப் பிரசங்கத்தைத் தொடங்கினேன்.

“இதுக்கு உயிர் இருக்கு அண்ணை, பசிக்கும். சோளமாத் தீத்த வேணும்.” சோளமா வாங்கக் கடை கடையாக அலையப் பஞ்சிப்பட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன புட்டு மாவை அதன் தலையில் தூவினேன். திருநீறு பூசியதுபோல் நின்றது.

அண்ணரின் மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சித்தப்பா, திஸ் இஸ் நொட் எ கரடி. இட்ஸ் எ மோல். மண்ணுக்குள்ள இருக்கிற எலி மாதிரி. ஆறு திசைக்கு ஆறு அனிமல். கரடி மேற்கு. இது கீழ, நிலத்துக்கு அடியில, அண்டர்வேர்ல்டுக்குக் காவல்.”

“பாதாளத்துக்கோ?” என்றார் அண்ணி. எனக்கென்று கொண்டுவந்த தேத்தண்ணி அப்படியே குசினிக்குத் திரும்பிப் போனது.

“நாலு வருஷமா வராதவன்,” என்றார் அண்ணர் மெதுவாக, “இப்ப வழியனுப்ப வந்திருக்கிறாய்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் பிள்ளையின் போனைப் பறித்து மீதியை வாசித்தேன். “இங்க பாருங்கோ அண்ணை, அந்தச் சனத்துக்கு இது நல்ல மிருகமாம். பயிரின்ர வேரைக் காக்குமாம்.” உண்மைதான். வாதத்தில் நான் வென்றேன்.

“நீ போ,” என்றார்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. பிறகு குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், “அவனுக்குச் சொல்லாதேங்கோ, எலியோட வந்திடுவான்” என்று ஒருவர் தொடங்குவார், சபை சிரிக்கும். நானும் சிரிப்பேன், எல்லோரையும்விடச் சத்தமாக. பகிடி பகிடியாக உண்மையிலேயே எனக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் டூங்கபிக் கடையில் மீன் வெட்டுகிறவர் கேட்டார்: “அண்ணருக்கு இப்ப எப்பிடி? திரும்பவும் மூண்டு கிழமை ஆஸ்பத்திரியில கிடந்தவரெல்லே?”

“ஓம், இப்ப நல்ல சுகம்,” என்று சொல்லி, பாரையைச் சின்னத் துண்டாக வெட்டச் சொன்னேன்.