அண்ணனின் ஸ்கோரும் அணைந்த விளக்கும்

செத்துப்போன மனிதரை ஜெயிக்கப் பார்த்தவன் நான். அதிலும் தோற்றவன்.

பிள்ளைகளே, நம் குடும்பத்தில் யார் எதில் ஜெயித்தாலும் உங்கள் பெரியம்மா என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ எவ்வளவு எடுத்த?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். (மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டீச்சரிடம் காட்ட வேண்டாம்.)

உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது சட்டையின் மூன்றாவது பொத்தானைப் போட்டார். நான்காவதைப் போடவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டார். நாற்பது வயது. நீங்கள் அப்போது பிறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அவர் படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கு அணையக்கூடாது. பினாங்கு ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடியில் இருந்த அந்த வீட்டில் அண்ணி, அதாவது உங்கள் பெரியம்மா, வேறு எதையும் கேட்கவில்லை. சோறு கேட்கவில்லை. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்கவில்லை. "விளக்கு எரியுதா?" என்று மட்டும் கேட்டார்.

எதிர்வீட்டு லெட்சுமி அக்காதான் எங்களுக்குச் சட்டம் போட்டவர். "காத்தாடி போடாதீங்க. விளக்கு அணைஞ்சா போறவருக்கு வழி தெரியாதுலா" என்று சொல்லி, மின்விசிறிச் சுவிட்சின் மேல் பிளாஸ்டரும் ஒட்டிவிட்டார். அந்த வெயிலில், ஜன்னலையும் சாத்திவிட்டு, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தோம். அழுகிறவர் யார், வேர்க்கிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

விளக்குக்கு முறை வைத்துக் காவல். என் முறை மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை.

ஏழாம் நாள் எண்ணெய் துடைக்கத் துணி தேடி அலமாரியைத் திறந்தபோது அந்தச் சாமான் கிடைத்தது. கையடக்கமான விளையாட்டுப் பெட்டி, தொடுதிரை. அண்ணன் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கியது. உள்ளே பன்னிரண்டு துப்பாக்கி விளையாட்டுகள். வாத்து சுடுவது, தகர டப்பா சுடுவது, பேய் சுடுவது, விண்கலம் சுடுவது. குத்துவதற்குக் கொடுத்த குச்சியைக் காணோம். விரலால் குத்தினேன்.

முதல் நாள் சுகமாக இருந்தது. அண்ணன் போனது ஒரு மணி நேரத்துக்கு மறந்தே போனது. இரண்டாம் நாள் உண்மை தெரிந்துவிட்டது. பன்னிரண்டும் ஒரே விளையாட்டுதான். ஏதோ ஒன்று வரும், அதைக் குத்த வேண்டும். வாத்துக்குத் தொப்பி மாட்டினால் பேய். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

அப்போதே மூடி வைத்திருக்கலாம். ஆனால் வாத்து விளையாட்டின் பட்டியலைப் பார்த்துவிட்டேன். உச்சியில் அண்ணன் பெயரின் மூன்று எழுத்து. 48,250.

கேரம், ஓட்டம், உயரம், எதிலும் நான் அவரை முந்தியதில்லை. இப்போது முந்தினால் அவர் திரும்ப ஆடி என்னை முந்த முடியாது. இருபத்தேழு வயதில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள். அண்ணி உள்ளே படுத்திருந்தார். கூடத்தில் நானும் விளக்கும் மட்டும். என் பெயரைக் குத்தி, சத்தத்தை அடைத்துவிட்டு ஆடினேன். நாற்பதாயிரம். நாற்பத்து மூன்று. விரல் வேர்த்தது. ஈர விரலைத் திரை மதிக்கவில்லை. வாத்துகள் என்னைப் பார்த்துக்கொண்டே பறந்து போயின. சட்டையில் துடைத்தேன், சட்டையும் ஈரம். நாற்பத்தாறாயிரத்தில் எழுந்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், பிளாஸ்டரைப் பிய்த்துக் காற்றாடியைப் போட்டேன்.

ஆகா, என்ன சுகம். விரல் காய்ந்தது. நாற்பத்தேழு. நாற்பத்தேழாயிரத்து அறுநூறு.

திரி கருகிய வாசம் வந்தது.

திரும்பினேன். படத்துக்கு முன்னால் புகை மட்டும். பதறியதில் கட்டை விரல் சத்தப் பொத்தானில் அழுந்தி, பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரன் துக்க வீடு அதிர "கேம் ஓவர்" என்று கத்தினான்.

அந்த நேரம் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அண்ணன் எங்கேயோ இருட்டில் நிற்கிறார். நிறுத்தியது நான்.

கொசுவத்திப் பக்கம் கிடந்த லைட்டரை எடுத்து விளக்கை ஏற்றினேன். பயத்தில் எண்ணெயையும் ஊற்றினேன். தரையெல்லாம் எண்ணெய். நிமிர்ந்தால் அண்ணி அறை வாசலில் நிற்கிறார். அவர் கண்ணுக்கு முன்னாலேயே விளக்கு மறுபடியும் அணைந்தது.

காற்றாடியை நிறுத்த மறந்திருந்தேன்.

அண்ணி போய் சுவிட்சைத் தட்டினார். காற்றாடி மெதுவாக நின்றது.

"எத்தன தடவ அணைஞ்சுச்சு?"

"ரெண்டு, அண்ணி."

"கையில என்னா?"

நீட்டினேன். "அண்ணனோட கேம். அவரு ஸ்கோர தாண்டலாம்னு..."

"தாண்டிட்டியா?"

"இல்ல அண்ணி. நாப்பத்தேழாயிரத்து அறநூறு."

அவர் பெட்டியை வாங்கிப் பட்டியலை வெகு நேரம் பார்த்தார். மேலே அண்ணன் பெயர். அதற்குக் கீழே என் பெயர்.

"அவரு இத வச்சிக்கிட்டு என்னா ஆட்டம் ஆடுனாரு தெரியுமா? கூப்பிட்டா காது கேக்காது. ஒரு நாளு அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சிச்சு. ஐயா அசையல. நீ அவரு தம்பிதான்லா."

பெட்டியைப் படத்தின் அருகில் வைத்தார். அவரே திரியைத் தூண்டி விளக்கை ஏற்றினார்.

"இது அணையும், ஏத்திக்கலாம். அவரு பேரு மொத எடத்துலேருந்து எறங்கியிருந்தா எங்க போய் ஏத்துறது? நல்ல வேள, உனக்குச் சுடத் தெரியல."

பிறகு, எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம், "சோறு இருக்கா?" என்று கேட்டார். ஒன்பது நாளில் முதல் தடவை.

அந்தப் பெட்டி இப்போது உயிரோடு இல்லை. பேட்டரி உப்பி, திரை வெடித்துவிட்டது. பட்டியலை இனி யாரும் பார்க்க முடியாது. ஆனாலும் அவர் முதல், நான் இரண்டாவது. அதை மாற்ற இனி வழியில்லை.

ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை பெரியம்மா "நீ எவ்வளவு எடுத்த?" என்று கேட்டால், எனக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். நாற்பத்தேழாயிரத்து அறுநூறு. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.