முனிக்கு வந்த துரை நாக்கு

காஜா பெராங்கில் அந்த ஆண்டு இரண்டே பேச்சுதான். ஒன்று, மலாயாவுக்கு ஆகஸ்டில் வரப்போகும் சுதந்திரம். மற்றொன்று, தெய்வநாயகம் பூசாரியின் முனியாண்டி விஸ்கி குடிக்கிறது என்ற சேதி. இரண்டாவதற்குத்தான் கூட்டம் அதிகம்.

போன வருஷம்வரை அந்த முனி கள்ளும் சுருட்டுமாகக் காலம் தள்ளிய சாது. துரைமார்கள் மூட்டை கட்ட ஆரம்பித்ததும் அதற்குத் துரை நாக்கு வந்துவிட்டது.

"கண்டதைக் கலந்த சரக்கு சாமிக்கு ஆகாதாம். ஒரே ஆலையில வடிச்ச மால்ட் விஸ்கி, அதுவும் ஸ்காட்லாந்து சரக்குதான் வேணுமாம்" என்று பூசாரி அருள்வாக்கு சொன்னார். ஸ்காட்லாந்து என்று ஒரு தேசம் இருப்பதை முனிக்கு யார் சொன்னார்களோ! பக்தர்கள் கேட்கவில்லை. கேட்டால் அப்புறம் என்ன பக்தர்கள்?

முனியின் காலடியில் மஞ்சள் பூசி மாலை போட்ட ஒரு மரப் பீப்பாய் இருந்தது. பட்டாளத்து முகாமில் ஏலம் எடுத்தது. பக்தர்கள் கொண்டுவரும் விஸ்கியை அதில் ஊற்ற வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை திறந்தால் நிறம் கறுத்து, வெல்லப்பாகு வாசனையோடு இனிக்கும். அளவும் குறைந்திருக்கும்.

"முனி வாய் வச்சிருச்சு! அந்த எச்சில்தான் இந்த இனிப்பு!" என்பார் பூசாரி.

ஆளுக்கு ஒரு சொட்டுத் தீர்த்தம். தீராத நோயெல்லாம் தீருமாம். பரம்பரையாக மலாய் பேசி, தமிழ் அவ்வளவாக வராத கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரர்கள் "பெத்துல்கா?", அதாவது நிஜம்தானா, என்று மலாயில் சந்தேகம் கேட்டார்கள். "பெத்துல், பெத்துல்!" என்று பூசாரி மலாயிலேயே சத்தியம் செய்தார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. குடிப்பது முனி, காலையில் தலைவலி பூசாரிக்கு.

இந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் தையல்காரி அஞ்சலை. புருஷன் கலியாணசுந்தரம் பஸ் கண்டக்டர். காசநோய் வந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, இப்போதுதான் கொஞ்சம் தேறி வந்தான்.

"ஊசியும் தீர்த்தமும் ஒத்துக்காதும்மா. ஊசிய நிப்பாட்டு. ஒரு பாட்டில் கொண்டா" என்றார் பூசாரி. அஞ்சலை தையல் மெஷினை விற்க ஆள் பார்த்துவிட்டாள்.

"மெஷின வித்துட்டு எதுல தைப்ப?" என்றான் கலியாணசுந்தரம்.

"நீங்க இருந்தாத்தானேங்க நான் தைக்கணும்?" என்று அவள் அழுதுவிட்டாள்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. "சரி அஞ்சல, அழாத. நானும் வர்றேன். சாமிகிட்ட ஒரே ஒரு கேள்வி."

வெள்ளிக்கிழமை. தோட்டத்துத் துரையின் டிரைவர் பொன்னுதுரை, துரை விட்டுப்போன மால்ட் பாட்டிலோடு முன்வரிசையில் நின்றார். கலியாணசுந்தரம் சீனர் கடையில் கேட்டு வாங்கிய ஒரு பழைய கீச்சாப்பு ஜாடியோடு வந்தான். கீச்சாப்பு என்கிற கறுத்த சோயா உப்புச் சாறு ஊறிப்போன மண்ஜாடி.

"சாமி, விஸ்கிய இனிப்பாக்குறது முனியா, பீப்பாயா?"

"என்னப்பா கேள்வி இது? முனிதான்!"

"அப்ப பொன்னுதுரை அண்ணன் பாட்டில இந்த ஜாடியில ஊத்துவோம். முனி காலடியிலேயே இருக்கட்டும். இனிச்சா நான் ஊசிய விட்டுடுறேன். இவ மெஷின வித்துடட்டும்."

இப்போது பூசாரிக்கு இருமல் வந்தது. "முனிக்கு ஜாடி பழக்கமில்ல..."

"ஸ்காட்லாந்து சரக்கே பழகிடுச்சு, ஜாடி பழகாதா லா?" என்றார் பொன்னுதுரை.

"ஏன் சாமி, முனியால முடியாதா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் அப்பாவியாகக் கேட்டாள். பாவம், பக்தியோடுதான் கேட்டாள். பூசாரியால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

ஊற்றினார்கள். அஞ்சலை மூடியை இறுக்கி, மேலே துணி போர்த்தி, கழுத்தைச் சுற்றிப் பொடித் தையல் போட்டாள். அதைப் பிரித்து மறுபடி அதேபோல் தைக்க காஜா பெராங்கில் இன்னொரு கை கிடையாது.

அடுத்த வெள்ளி கூட்டம் நெரிந்தது. அஞ்சலை தையலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிரித்தாள். ஜாடி கழுத்துவரை அப்படியே நிறைந்திருந்தது. முனி அந்த வாரம் விரதம் போலும்! பொன்னுதுரை ஒரு வாய் வைத்தார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"தூ! உப்புக் கரிக்குது! நல்ல சரக்கு நாசமாப் போச்சே!"

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பின்ன என்னய்யா? கீச்சாப்பு ஜாடியில ஊத்துனா கரிக்காம இனிக்குமா? அதுல முன்னாடி என்ன இருந்துச்சோ அந்த ருசிதானே வரும்!"

"சரியாச் சொன்னீங்க சாமி" என்றான் கலியாணசுந்தரம். "அப்ப உங்க பீப்பாயில முன்னாடி என்ன இருந்துச்சு?"

பொன்னுதுரை குனிந்து பீப்பாயின் வாயில் மூக்கை வைத்தார்.

"அடப் பாவி! ரம்மு! பட்டாளத்துக்காரன் குடிக்கிற கரும்புச் சாராயம்யா இது!"

"அப்ப அளவு குறைஞ்சது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதான் பூசாரிக்குக் காலையில தலைவலி" என்றான் கலியாணசுந்தரம். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அஞ்சலை சிரிக்கவில்லை. பூசாரியின் எதிரே போய் நின்றாள்.

"ஊசிய நிறுத்தச் சொன்னியேய்யா! நிறுத்தி, இவரு செத்துப்போயிருந்தா? அப்பவும் முனி வாய் வச்சிருச்சுன்னுதான சொல்லியிருப்ப!"

சிரிப்பு அடங்கிப்போயிற்று.

அன்று மாலைக்குள் பூசாரியையும் காணோம், பீப்பாயையும் காணோம். கலியாணசுந்தரம் ஊசிக்குப் போனான். அஞ்சலை அதே மெஷினில் சுதந்திர தினத்துக்குக் கொடி தைத்தாள்.

பக்கத்து ஊரான மூவாரில் இப்போது விஸ்கி குடிக்கும் ஒரு முனிக்கு நல்ல கூட்டம் என்று கேள்வி. மகாஜனங்களே, நாட்டுக்கு விடுதலை கிடைக்கப்போகிறது. உங்கள் மூக்குக்கும் கொஞ்சம் கொடுங்கள். கன்னத்தில் போட்டுக்கொள்ளும் முன் பீப்பாயை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.