தோசைத் திருப்பியில் தெரிந்த ஏழு ரிஷிகள்

ஜோதிவட்ட அடிகள் காரைக்காலுக்கு எழுந்தருளிப் பதினொரு நாள் ஆகிவிட்டது. பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஏறினால் போதும், எங்கே என்று கேட்காமலே கல்யாண மண்டப வாசலில் இறக்கிவிட்டார்கள். கருக்களாச்சேரியிலிருந்து மீனவர்கள் வந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்க நெடுங்காட்டு விவசாயிகள் வந்தார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். மத நல்லிணக்கம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மோசடிக்காரன் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

அற்புதம் இதுதான். மண்டபச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் உலோகத்தால் ஆன ஒரு ‘அ’. கேட்டவருக்கு நல்ல காலம் என்றால் அதைச் சுற்றிச் சுவரில் பொன்னிற ஒளிவட்டம் பூக்கும். அந்த நேரம் அடிகள் ஜபமாலைப் பைக்குள் கையை விட்டு மௌனமாக இருப்பார். பட்டப்பகலில் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். ஜோதிக்கு வெயில் ஆகாதாம்.

அனெத் அம்மாளுக்கும் ஒளி பூத்தது. அவர் மகன் ஸ்டெஃபான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தான். அதற்கு இருந்த ஒரே ஆதாரம், காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருப்பேன் என்று அனெத்தின் அப்பா கையெழுத்திட்ட காகிதம். அசலை நாற்பத்தெட்டு நாள் தம் பெட்டியில் வைத்து ஜெபித்தால் காரியம் ஆகும் என்றார் அடிகள். வேறு ஊரில் அந்தக் காகிதத்தில் வடை மடிப்பார்கள். காரைக்காலில் அதற்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருப்பார்கள். விலை கொடுத்து வாங்க வெளியூரில் ஆள் இருப்பது அடிகளுக்குத் தெரியும். நம்மவர்கள் அதைத்தான் வரிசையில் நின்று பெட்டிக்குள் போட்டார்கள்.

அனெத் வீட்டின் கீழ்த்தளத்தில் இளவேனிலின் கடை. பெயர்ப்பலகைக்கு எல்.இ.டி. எழுத்துகள் செய்கிறவள்.

“காயிதத்தக் குடுத்துட்டீங்களா மதாம்?”

“நாளைக்குக் காலைல குடுக்கணும். நீயும் வந்து பாரேன். எழுத்து இருட்டா இருக்கு, சுத்தி சுவரு மட்டும் தங்கமா மின்னுது.”

பல்புக்கு ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்த இளவேனிலின் கை நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் குஞ்சிதபாதம் என்றொருவர் போனில் பேசி, வீட்டு வரவேற்பறைக்கு என்று ஒரே ஒரு ‘அ’ வாங்கியிருந்தார். ரிமோட்டோடு கூரியரில் அனுப்பியவள் அவள்தான். தான் செய்த எழுத்தே மாடிவீட்டைக் கவிழ்க்கப்போகிறது என்று தெரிந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயால் சொன்னால் மதாம் நம்பமாட்டார், கண்ணால் காட்டத்தான் வேண்டும்.

மறுநாள் அனெத் காகிதத்தோடு வரிசையின் முன்னால் நின்றார். சுவரில் ஜோதி பூத்திருந்தது. இளவேனில் மண்டபத்துச் சமையல்கட்டில் புகுந்து, புத்தம்புது எவர்சில்வர் தோசைத் திருப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள்.

“கொஞ்சம் இருங்க மதாம். இந்த எழுத்து சுவத்தத் தொடலைங்க, அரை இஞ்சு தள்ளி நிக்குது. பல்பெல்லாம் சுவத்தப் பாத்திருக்கு. சுண்ணாம்புல வெளிச்சம் பரவிடும், பல்பு தெரியாது. பளபளன்னு எதையாச்சும் வெச்சா மானம் போயிடும். அதான் டைல்ஸ்ல மாட்டாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

இடுக்கில் தோசைத் திருப்பியை நுழைத்தாள். அனெத் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். தகட்டில் வரிசையாகப் புள்ளிகள் மின்னின. எண்ணினார். ஏழு.

“பல்புதான் போலருக்கு,” என்றார்.

அடிகள் அசரவில்லை. “சப்தரிஷிகள், தாயே. இதுவரை யாருக்கும் காட்சி தந்ததில்லை.”

அவ்வளவுதான், மண்டபமே கை கூப்பியது. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் சோமசேகரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஒரு பெண்மணி தோசைத் திருப்பிக்குக் குங்குமம் வைக்க வந்தார். இளவேனிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏழு இல்லிங்க சாமி, எட்டு வெச்சேன். ஒரு ரிஷி அவிஞ்சிட்டாரு. ஒரு வருஷம் வாரண்டி இருக்கு, மாத்தித் தரேன்.”

எழுத்தைச் சுவரிலிருந்து பிடுங்கித் திருப்பினாள். ஒயரோடு வந்தது. முதுகில் எட்டு பல்பு, ஏழு எரிந்தன. பக்கத்தில் கடை ஸ்டிக்கர்.

“அதுல இருக்கிற நம்பருக்கு யாராச்சும் போன் போடுங்க.”

ஒரு மீனவர் போட்டார். இளவேனிலின் கைப்பையில் மணி அடித்தது.

அனெத் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஜபமாலைப் பையை வாங்கிக் கவிழ்த்தார். ரிமோட் விழுந்தது. எடுத்து அழுத்தினார், ஜோதி அணைந்தது. மறுபடி அழுத்தினார்; எரிந்தது. பிறகு ஆளுக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க மண்டபத்தில் புது வரிசை உருவானது. சமையல்கட்டு வழியாக நழுவப் பார்த்த அடிகளைக் கருக்களாச்சேரிக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெட்டியைத் திறந்து அவரவர் காகிதத்தை எடுத்துக்கொண்டார்கள். அனெத் தன் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “எங்கப்பா கையெழுத்த நானே தொலைக்க இருந்தேனே,” என்று அழுதார், சிரித்தார்.

சோமசேகரன் சட்டையைத் தட்டிக்கொண்டு இளவேனிலிடம் மெதுவாக வந்தார்.

“இதே மாதிரி ஒண்ணு என் பூஜை ரூமுக்குச் செஞ்சு தருவியாம்மா? ஏழு பல்பே போதும்.”

“தரேன் சார். ஆனா அது சுவத்துக்குத்தான் வெளிச்சம் குடுக்கும். தலைக்குள்ள வெளிச்சம் வேணும்னா அதுக்குக் கடை கெடையாது, நீங்கதான் யோசிக்கணும்.”