பிணத்துக்கு வசனம் கிடையாது

சிதம்பரம்
ஜனவரி 2010

அன்புள்ள காசிநாதன் மாமாவுக்கு,

எழிலரசி வணக்கத்துடன் எழுதுவது. விடுதியில் நான் நலம். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை ஓட ஆரம்பித்திருக்கும். நீங்களும் அத்தையும் அந்தப் புகையில் இருமாமல் நலமாக இருக்க வேண்டும்.

முதலில், அன்றைக்கு நான் அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். விடுதி நாடகத்தில் எனக்குப் பிணத்தின் வேஷம். "என்னா வேஷம்டி?" என்று அம்மா போனில் கேட்டாள். "கடைசி வரைக்கும் மேடையிலயே இருப்பேம்மா" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

விடுதி விழாவுக்கு வந்து போனதிலிருந்து அம்மா ஏன் யாரிடமும் பேசுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லக்கூடியதாக இல்லை, அதனால் எழுதுகிறேன். எல்லாம் வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளால் வந்தது. படிப்பைத் தவிர வேறு என்ன செய்வாய் என்று அவர்கள் கேட்பார்களாம். புத்தகம் படிப்பேன் என்று சொல்லலாமா என்று எங்கள் துறை மேடத்திடம் கேட்டேன். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, ஒருத்தரும் படிக்கிறதில்ல. வேற எதுலயாவது சேரு" என்றார். சரியென்று தமிழ் மன்றத்துக்குப் போனேன். எந்தத் துறை என்று கேட்டார்கள், கம்ப்யூட்டர் என்றேன், உடனே விழா அழைப்பிதழை அடித்துத் தரச் சொல்லி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மரம் நடலாம் என்று என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தேன், இரத்த தானம் செய்கிறவர்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். கல்லூரியில் யாருக்கு என்ன இரத்தம் என்று எனக்குத் தெரியும், என் பெயர்தான் யாருக்கும் தெரியாது. ஷட்டில் ஆடப் போன இடத்தில் மட்டையைத் தொடவிடாமல், யாரோடு யார் மோதுவது என்று பட்டியல் போட வைத்தார்கள். கம்ப்யூட்டரைவிட்டு எழுந்திருக்கத்தான் போனேன் மாமா, போன இடமெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னாலேயே உட்கார வைத்தார்கள். தீபிகா அக்கா மட்டும்தான், அவர் இறுதியாண்டு, விடுதி நாடகத்தை நடத்துகிறவர், "நீ டைப்பெல்லாம் பண்ண வேணாம்டி, சும்மா படு" என்றார். "நீதான் வாயத் தொறக்கவே மாட்டியே. பொணத்துக்கு வசனம் கெடையாது. ஒனக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு."

அப்பா இறந்து கிடக்க, பெண்கள் நாலு பேர் வீட்டுக்காக அடித்துக்கொள்ளும் கதை. அந்த அப்பா நான். வேட்டி கட்டி, தாடையைச் சுற்றித் துணியால் கட்டு போட்டு, கண்மையால் மீசை வரைந்தார்கள். கண்ணாடியில் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. இன்னொரு தரம் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மீசை வைத்த நான் அப்படியே எங்கள் அப்பாவாக இருந்தேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை. சுனாமியில் போன அப்பாவின் உடம்பு கிடைக்கவில்லை என்பதால், அம்மாவைப் பொறுத்தவரை அப்பா போகவேயில்லை. ஐந்து வருஷமாகப் பொட்டு வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடம் "வெளிய போயிருக்காரு" என்கிறாள். தை அமாவாசைக்குக் கருமாதி வைத்துவிடலாம் என்று வருஷா வருஷம் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள், டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறீர்கள்.

நாடகம் தொடங்கியதும் கண்ணை மூடிவிட்டேன், ஆகவே காதில் விழுந்ததைத்தான் எழுத முடியும். ஊதுபத்திப் புகையில் தும்மல் முட்டியது, கொசு காதோரம் பாடியது, என்மேல் விழுந்து அழ வேண்டிய நாலு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்கள். அப்போது முன் வரிசையிலிருந்து அம்மாவின் குரல்: "அழுவுறாளுவளாம் பாரு. இப்பிடியா அழுவாங்க?" கூட்டம் சிரித்தது. பிறகு நாற்காலி நகர்ந்த சத்தம். பலகை மேடையில் யாரோ ஏறினார்கள். என் நெற்றியில் ஒரு கை பட்டது.

"ஏய்யா, வலைய ஒதறிட்டு வரேன்னுதான போன. அதுக்கா இத்தினி நாளு? ஒம் பொண்ணு கம்ப்யூட்டரு படிக்கிதுய்யா. சிதம்பரத்துல ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிது. எங்க படிக்கிது, எப்பிடிப் படிக்கிதுன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? கல்லு மாதிரி கெடக்குறியே."

நான் படிக்கிற சேதியை என்னிடமே சொல்லி, நான் கேட்கவில்லையென்று என்னையே ஏசினாள் மாமா. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பிணமாகக் கிடப்பவள் என்ன செய்ய வேண்டுமென்று எழுதியிருக்கவில்லை. எழுந்து "அம்மா" என்றிருக்கலாம். ஆனால் அம்மா ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அழுதுகொண்டிருந்தாள். நடுவில் எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்து மீசை கரைந்தது. திரைக்குப் பின்னாலிருந்து தீபிகா அக்கா, "பொணம் அழக்கூடாதுடி" என்று கிசுகிசுத்தார்.

கைதட்டல் நிற்கவேயில்லை. அம்மாவுக்குத்தான் சிறந்த நடிகை பரிசு. "பொண்டாட்டியா நடிச்ச பொண்ணு எந்த டிபார்ட்மென்ட்?" என்று நடுவர் கேட்க, தீபிகா அக்கா யோசிக்காமல் "கம்ப்யூட்டர் சயின்ஸ் சார்" என்றார். அம்மா மேடையேறி எவர்சில்வர் குடத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு குழாயடியில் முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்தாள். "போவ மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள். கடலூர் பஸ் வரும்வரை என் கையை விடவில்லை.

ஆகவே மாமா, இந்த அமாவாசைக்குத் தைரியமாக ஏற்பாடு செய்யுங்கள். அம்மா அழுது முடித்துவிட்டாள் என்றே நினைக்கிறேன், இனி மறுக்கமாட்டாள். எனக்காகவும்தான் கேட்கிறேன். அப்பா செத்துப்போனார் என்று எங்கள் வீட்டில் நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அதைச் சொல்லி அழ எனக்கும் ஒரு நாள் வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம், வினோத்குமாரைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
எழிலரசி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அம்மா போன் செய்தாள். அமாவாசை என்று நான் ஆரம்பித்ததுமே, "நாடகத்துல செத்தவருக்கு எதுக்குடி கருமாதி? அழுவ வேண்டிய எடத்துல அவளுவ ஒருத்தியும் அழுவல, நான் அழுதேன். அவ்ளோதான்" என்றாள். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், நீங்கள் வர வேண்டாம். நெல்லிக்குப்பம் பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாள், மீன் கூடையோடு ஏறிப் போயிருப்பாள்.